அன்னாசிப்பழமும் அசுரக் கார்களும்

உங்களிடம் ஒரு கார் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா கார் இல்லை. 1977-ம் வருடத்து பான்டியாக் டிரான்ஸ் ஆம். கறுப்பு நிறம். பானெட் மீது சிறகு விரித்த தங்கப் பறவை. 'ஸ்மோக்கி அண்ட் த பேண்டிட்' என்ற படத்தில் பர்ட் ரெனால்ட்ஸ் போலீஸுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே ஓட்டுவாரே, அதே ரகம். நீங்கள் குடியிருப்பது லாஸ் ஏஞ்சல்ஸில்.

ஒரு நாள் அரசாங்கத்திடமிருந்து தபால் வருகிறது. வண்டியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பணம் கட்டுங்கள். கூடவே இன்னொரு வரி. புகைப் பரிசோதனையில் பாஸ் செய்த சான்றிதழும் வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு பழைய கார். 1975 மாடல். உங்களுடையதைவிட இரண்டு வயது மூப்பு. அதுவும் ஒன்றும் சாது இல்லை. ஆனால் அவருக்கு வந்த தபாலில் அந்த இன்னொரு வரி கிடையாது. அவர் பரீட்சை எழுத வேண்டாம். நீங்கள் எழுதியே ஆகவேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, வண்டி ரோட்டில் ஓடும்வரைக்கும்.

'இதென்ன சார் அநியாயம்?' என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? கேட்கலாம். ஆனால் பதில் வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1943-க்கு.

ஜூலை 26, 1943. உலக யுத்தம் உச்சத்தில். லாஸ் ஏஞ்சல்ஸ்வாசிகள் காலையில் வெளியே வந்தால் ஊரையே காணோம். பழுப்பு நிறத்தில் ஒரு திரை. கண் எரிகிறது. தொண்டை கரகரக்கிறது. மூக்கிலிருந்து நீர். நான்கு தெரு தள்ளி இருக்கும் கட்டடம் தெரியவில்லை. ஜப்பான்காரன் விஷவாயுவை ஏவிவிட்டான் என்றே பலர் நினைத்தார்கள். பேர்ல் துறைமுகத்தில் அடி வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. பயப்படாமல் என்ன செய்வார்கள்?

ஜப்பான்காரன் இல்லை என்று தெரிந்ததும் அடுத்த குற்றவாளியைத் தேடினார்கள். அலிஸோ தெருவில் ஒரு தொழிற்சாலை. செயற்கை ரப்பருக்கான ப்யூட்டாடையீன் தயாரிக்கிற இடம். அதுதான் காரணம் என்று பிடித்துக்கொண்டார்கள். தாற்காலிகமாக மூடவும் வைத்தார்கள். புகை நின்றதா? ம்ஹூம்.

1947-ல் காற்று மாசைக் கட்டுப்படுத்தத் தனியாக ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். ஆலைகளைப் பிடித்தார்கள். எண்ணெய் சுத்திகரிப்பு நிலையங்களைப் பிடித்தார்கள். வீட்டுக் கொல்லையில் குப்பை கொளுத்தும் அடுப்புகளை 1957-ல் தடையே செய்தார்கள். எல்லாம் சரிதான். ஆனால் எல்லோர் வீட்டு வாசலிலும் நின்றுகொண்டிருந்த நிஜக் குற்றவாளியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்த்தவர் ஓர் அன்னாசிப்பழ ஆராய்ச்சியாளர்.

ஆரி ஹாகன்-ஸ்மிட். ஹாலந்துக்காரர். 1900-ல் பிறந்தவர். கால்டெக் கல்லூரியில் உயிர்வேதியியல் பேராசிரியர். பழங்களின் வாசனைக்கு எந்தெந்த ரசாயனம் காரணம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. அன்னாசிப்பழத்தைச் சுற்றியிருக்கும் காற்றைப் பிடித்து, குளிர வைத்து, திரவமாக்கி ஆராய்ந்துகொண்டிருந்தார். சொகுசான ஆராய்ச்சி. லேபரட்டரி பூரா கமகமவென்று இருந்திருக்கும்.

'அப்படியே ஜன்னலுக்கு வெளியே இருக்கிற காற்றையும் பிடித்துப் பாருங்களேன்' என்று அவரைக் கேட்டுக்கொண்டார்கள். பார்த்தார். கிடைத்தது சில சொட்டு பழுப்புத் திரவம். நாற்றம் குடலைப் பிடுங்கியது.

ஆனால் அந்தச் சில சொட்டுகளில் விடை இருந்தது. காருக்குள் முழுதாக எரியாத பெட்ரோல் ஆவி ஒரு பக்கம். எஞ்சினின் சூட்டில் உருவாகும் நைட்ரஜன் ஆக்ஸைடு இன்னொரு பக்கம். இரண்டும் சைலன்சர் வழியே வெளியேறிக் காற்றில் கலக்கின்றன. அதன்மேல் கலிஃபோர்னியாவின் பளீர் வெயில் விழுகிறது. அவ்வளவுதான், சமையல் ஆரம்பம். வெளியே வரும் பண்டம், ஓஸோன். அதுதான் பயிரை வாட்டியது. லாஸ் ஏஞ்சல்ஸில் மட்டும் டயர்கள் ஏன் சீக்கிரமே வெடிப்பு விடுகின்றன என்று தெரியாமல் பலர் தவித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கும் ஓஸோன்தான் காரணம். அந்த ரப்பர் வெடிப்பின் ஆழத்தை வைத்தே காற்றில் ஓஸோன் எவ்வளவு என்று அளந்து காட்டினார் மனிதர்.

ரப்பர் சமாசாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஊரின் அமைப்பும் ஒரு காரணம். ஒரு பக்கம் கடல், மற்ற பக்கங்களில் மலை. மேலே வெதுவெதுப்பான காற்று ஒரு மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும். கீழே இருப்பது வெளியேற வழியே இல்லை. மூடி போட்ட குக்கர்.

பேராசிரியர் சொன்னதும் எல்லோரும் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள் என்றா நினைக்கிறீர்கள்? எண்ணெய் நிறுவனங்களின் பணத்தில் ஆய்வு நடத்திய ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனம் அவர் முடிவை மறுத்தது. கார் கம்பெனிகள்? லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டியின் மேற்பார்வையாளர்களில் ஒருவரான கென்னத் ஹான், 1953-ல் ஃபோர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். வந்த பதிலின் சாரம் இது: வண்டியிலிருந்து வருகிற ஆவி காற்றில் சட்டென்று கலைந்துபோய்விடும், அதனால் பிரச்னை ஏதுமில்லை.

ஹான் விடவில்லை. வருடக்கணக்கில் கடிதம் எழுதினார். டெட்ராய்ட்டும் வருடக்கணக்கில் 'ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறோம்' என்றது. கடைசியில் 1969-ல் அமெரிக்க நீதித்துறையே வழக்குப் போட்டது. புகையைக் குறைக்கும் கருவிகள் வராமல் தாமதப்படுத்த கார் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து செயல்பட்டன என்பது குற்றச்சாட்டு. தப்பை ஒப்புக்கொள்ளாமலே சமரசம் பேசி முடித்துக்கொண்டார்கள்.

*

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த அதே வருடங்களில் இன்னொரு பக்கம் ஒரு திருவிழா நடந்துகொண்டிருந்தது.

1964. ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி உண்டு. நடுத்தர சைஸ் காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தக்கூடாது. பான்டியாக் பிரிவில் இருந்த ஜான் டிலோரியனும் சகாக்களும் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். விதி புது மாடலுக்குத்தானே? கூடுதல் வசதி என்ற பெயரில் கொடுத்தால் என்ன? டெம்பஸ்ட் என்ற சாதுவான காரில் 389 கன அங்குல எஞ்சினைத் திணித்து, ஜி.டி.ஓ. என்று பெயர் வைத்து விற்றார்கள். முதல் வருடமே முப்பத்திரண்டாயிரம் சொச்சம் போனது.

மஸில் கார் யுகம் பிறந்தது. சின்ன உடம்பு, அசுர எஞ்சின், மலிவான விலை. சிவப்பு விளக்கு பச்சையானதும் யார் முதலில் பாய்வது என்று தெருவுக்குத் தெரு போட்டி. 1970-ல் ஷெவர்லே ஷெவெல் காரில் 450 குதிரைசக்தி எஞ்சின் கிடைத்தது. கடைக்குப் போய்ப் பணத்தைக் கட்டி ஓட்டிக்கொண்டு வரலாம்.

அந்த 1970-ன் கடைசி நாள். டிசம்பர் 31. ஜனாதிபதி நிக்ஸன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். செனட்டர் எட்மண்ட் மஸ்கி முன்னின்று கொண்டுவந்த தூய காற்றுச் சட்டம். 1975-க்குள் காரின் கார்பன் மோனாக்ஸைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் 90 சதவிகிதம் குறைக்க வேண்டும். நைட்ரஜன் ஆக்ஸைடுக்கு இன்னும் ஒரு வருடம் அவகாசம்.

முடியவே முடியாது என்றது டெட்ராய்ட். தொழிலே படுத்துவிடும் என்றது.

அப்போது ஜப்பானிலிருந்து ஒரு குரல் வந்தது. முடியுமே!

மோட்டார் சைக்கிள்காரராகவே அமெரிக்கா அறிந்திருந்த சோய்ச்சிரோ ஹோண்டாவின் கம்பெனி அது. சி.வி.சி.சி. என்று ஓர் எஞ்சினை 1972-ல் அறிவித்தார்கள். விஷயம் எளிமையானது. விறகு அடுப்பை எப்படிப் பற்றவைக்கிறோம்? சுள்ளியை முதலில் கொளுத்தி, அதிலிருந்து கட்டைக்குத் தீயை ஏற்றுகிறோமில்லையா? அதேதான். எஞ்சினில் ஒரு குட்டி அறை. அதில் பெட்ரோல் அதிகமுள்ள கலவை. பெரிய அறையில் பெட்ரோல் மிகக் குறைவான கலவை. குட்டி அறையில் பற்றிய தீ பெரிய அறைக்குப் பரவும். 1975-ன் விதியை, வேறு எந்தச் சுத்திகரிப்புக் கருவியும் இல்லாமல் அந்த எஞ்சின் பாஸ் செய்தது. சின்ன எஞ்சினில் எல்லாம் சரி, எங்கள் பெரிய எஞ்சினில் நடக்காது என்று முணுமுணுத்தவர்களுக்கும் பதில் சொன்னார்கள். ஒரு ஷெவர்லே இம்பாலாவை வாங்கி, அதன் பெரிய எஞ்சினையே தங்கள் பாணிக்கு மாற்றி, 1973-ல் அமெரிக்க அரசின் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். அதுவும் பாஸ்!

டெட்ராய்ட் வேறு வழியில் போனது. முதலில் எஞ்சினின் அழுத்த விகிதத்தைக் குறைத்தார்கள். பிறகு 1975-ல் கேடலிடிக் கன்வெர்ட்டரைப் பொருத்தினார்கள். பிளாட்டினம் மாதிரி உலோகங்கள் பூசிய, சைலன்சருக்கு முன்னால் உட்காரும் ஒரு டப்பா. பாதி எரிந்த வாயுக்களை மீதியும் எரித்து அனுப்பும். ஈயம் கலந்த பெட்ரோல் பட்டால் செத்துப்போகும். ஈயமில்லாத பெட்ரோல் அமெரிக்காவெங்கும் வந்ததற்கு இந்த டப்பா முக்கியமான காரணம்.

அசுரர்கள் இளைத்தார்கள். 1975 கார்வெட்டின் சாதாரண மாடலில் 165 குதிரைசக்திதான். இங்கே ஒரு நியாயம் சொல்லவேண்டும். நான் பி.காம். படித்தவன். எஞ்சினைவிட லெட்ஜர்தான் பழக்கம். 1972-க்கு முன்னால் சொல்லப்பட்டதெல்லாம் 'கிராஸ்' கணக்கு. சைலன்சர், ஆல்டர்னேட்டர் இத்யாதிகள் இல்லாமல் எஞ்சினை மட்டும் மேஜையில் வைத்து அளந்தது. பிறகு வந்தது 'நெட்' கணக்கு. மொத்த லாபத்தையும் நிகர லாபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது. ஆக, வீழ்ச்சியில் ஒரு பகுதி காகிதத்தில் நடந்தது. மீதி நிஜம்.

உங்கள் டிரான்ஸ் ஆமுக்கும் இந்தக் கதி நேர்ந்தது. மற்ற மாநிலத்துக்காரர்கள் அதைப் பான்டியாக்கின் சொந்த 400 கன அங்குல எஞ்சினோடு வாங்க முடிந்தது. 200 குதிரைசக்திவரை கிடைத்தது. கலிஃபோர்னியாவின் விதி கடுமை என்பதால் உங்களுக்கு ஓல்ட்ஸ்மொபீல் என்ற பங்காளியின் எஞ்சின். 185 குதிரைசக்தி. இரண்டுமே 6.6 லிட்டர்தான்!

*

சரி, தபாலுக்கு வருவோம். பரீட்சையில் பாஸ் செய்வது எப்படி?

கலிஃபோர்னியாவில் இரண்டு வருடத்துக்கொருமுறை நடக்கும் ஸ்மாக் செக் திட்டம் 1984-ல் ஆரம்பித்தது. உங்கள் வயதுக் காருக்கு மூன்று பேப்பர். முதல் பேப்பர் கண்பார்வை. தொழிற்சாலையில் பொருத்திய புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா? இரண்டாவது, அவை வேலை செய்கின்றனவா? மூன்றாவதுதான் நிஜமான சோதனை. புகை அதிகமுள்ள நகரப் பகுதிகளில் வண்டியின் பின்சக்கரங்களை உருளைகள் மீது ஏற்றி, பாரம் கொடுத்து, மணிக்கு 15 மைல் வேகத்தில் ஒருமுறை, 25 மைல் வேகத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். சைலன்சருக்குள் ஒரு குழாய். கம்ப்யூட்டர் மூன்று வாயுக்களை அளக்கும்.

முதல் பேப்பரிலேயே பல பேர் அவுட். ஏனென்றால் வேகப் பிரியர்கள் பழைய காரை வாங்கியதும் செய்கிற முதல் காரியம், புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்களைக் கழற்றிக் கடாசுவதுதான். கேடலிடிக் டப்பா போய் நேர்க் குழாய் வரும். கார்புரேட்டர் மாறும். உள்ளே கேம்ஷாஃப்டையும் மாற்றியிருப்பார்கள். புதுக் கேம்ஷாஃப்ட், காற்று உள்ளே வரும் வால்வையும் புகை வெளியே போகும் வால்வையும் கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போலத் திறந்து வைக்கும். அதிவேகத்தில் அது நல்லது. நின்ற இடத்தில் ஓடும்போது எரியாத பெட்ரோல் நேரே வெளியே ஓடிவிடும். தட்... தட்... தட் என்று ஒரு சத்தம் வருமே, கேட்கிறவர்களுக்குப் புல்லரிக்குமே, அந்தச் சத்தத்தின் விலை அதுதான்.

ஆக, முதல் வேலை கழற்றியதைத் திரும்ப மாட்டுவது. பழைய கார்களைப் பிரித்து விற்கும் யார்டுகளில் அலைந்து சாமான் தேடவேண்டும். புதிதாக வேறு ஏதாவது பொருத்தினால் மாநிலக் காற்று வாரியம் ஒப்புதல் கொடுத்த எண் அதில் இருக்கவேண்டும். எண் இல்லையா? எவ்வளவு நல்ல சாமானாக இருந்தாலும் செல்லாது.

அடுத்து அந்த மூன்று வாயுக்கள். கார்பன் மோனாக்ஸைடு அதிகமென்றால் பெட்ரோல் அதிகம், காற்று போதவில்லை என்று அர்த்தம். ஹைட்ரோகார்பன் அதிகமென்றால் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது. நைட்ரஜன் ஆக்ஸைடு அதிகமென்றால் உள்ளே சூடு அதிகம்.

பெட்ரோலைக் குறைத்துவிட்டால் போச்சு என்பீர்கள். குறையுங்கள். மோனாக்ஸைடு இறங்கும். ஹைட்ரோகார்பனும் இறங்கும். 'ஆஹா' என்று நினைக்கும்போதே சூடு ஏறி, நைட்ரஜன் ஆக்ஸைடு எகிறும். இன்னும் குறையுங்கள். கலவை பற்றாமல் தடுமாறி, இறங்கிய ஹைட்ரோகார்பன் மறுபடி மேலே போகும். எனக்கு இது ரொம்பப் பழகிய விஷயமாகத் தெரிகிறது. இரட்டைப் பதிவுக் கணக்கு! ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியே தீரவேண்டும். கார்புரேட்டர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பினால் மூன்று பேரேட்டிலும் பதிவு மாறுகிறது.

எடைக்கு எடை பார்த்தால் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. இதுதான் நடுப்புள்ளி. இன்றைய காரில் கம்ப்யூட்டர் வினாடிக்குப் பலமுறை அதைச் சரிபார்த்துக்கொள்கிறது. உங்கள் 1977-ல் கம்ப்யூட்டர் கிடையாது. மெக்கானிக்கின் காதும் கையும்தான்.

நல்ல மெக்கானிக் ஸ்க்ரூவைக் கடைசியில்தான் தொடுவார். முதலில் எண்ணெயை மாற்றுவார். பழைய எண்ணெயில் ஊறிய பெட்ரோல் ஆவியாகி எஞ்சினுக்குள் திரும்பப் போய்க் கணக்கைக் கெடுக்கும். காற்று ஃபில்டர், பிளக், பிளக் ஒயர் எல்லாம் புதுசு. பிளக்கில் பொறி விழும் நேரத்தைப் பானெட்டுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொன்னபடி வைப்பார். வெளியேறும் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே அனுப்பிச் சூட்டைத் தணிக்கும் ஈ.ஜி.ஆர். வால்வைப் பிரித்து, பல வருடக் கரியைச் சுரண்டி எடுப்பார்.

பிறகு ரப்பர் குழாய்கள். எஞ்சினைச் சுற்றி ஓடும் மெல்லிய வேக்குவம் ஹோஸ்கள். எங்காவது மயிரிழை வெடிப்பு இருந்தால் அதன் வழியே கூடுதல் காற்று புகுந்து மொத்தக் கணக்கும் காலி. ரப்பர் ஏன் வெடிக்கிறது? வயசு, எஞ்சின் சூடு, அப்புறம் ஓஸோன். ஞாபகம் இருக்கிறதா? ஹாகன்-ஸ்மிட் ரப்பரை வைத்து அளந்தாரே, அதே ஓஸோன். கார்கள் ஊர்க்காற்றில் கடன் வைத்தன. அந்தக் கடனுக்கு வட்டியைக் காரின் வயிற்றிலிருந்தே எடுத்துக்கொண்டது காற்று.

எல்லாம் முடிந்ததும் இருபது நிமிடம் வண்டியை நன்றாக ஓட்டவேண்டும். கேடலிடிக் டப்பா சுடச்சுட இருந்தால்தான் வேலை செய்யும். வேண்டுமானால் முன்னோட்டமாக ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம். ஃபைனலுக்கு முன்னால் மாடல் எக்ஸாம் எழுதுகிறோமே, அதுபோல. பிறகு நிஜப் பரீட்சை.

பாஸ்.

*

இது நேர்வழி. குறுக்குவழி இல்லாத பரீட்சை உலகத்தில் உண்டா?

கலிஃபோர்னியாவில் பலமுறை பிடிபட்ட ஒரு தில்லுமுல்லு இருக்கிறது. 'க்ளீன் பைப்பிங்' என்பார்கள். கம்ப்யூட்டரில் உங்கள் அழுக்கு வண்டியின் விவரத்தைப் பதிந்துவிட்டு, குழாயை மட்டும் பக்கத்தில் நிற்கும் சுத்தமான வண்டியின் சைலன்சரில் செருகுவது. சுத்தமான ஆள்மாறாட்டம். லைசென்ஸை இழந்தவர்களும் ஜெயிலுக்குப் போனவர்களும் உண்டு.

தெருமுனை மெக்கானிக்கை மட்டும் திட்டாதீர்கள். பெரிய மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

1973 மாடலுக்கான பரிசோதனைக் கார்களுக்கு ஃபோர்டு ஊழியர்கள் அனுமதியில்லாமல் அடிக்கடி பராமரிப்பு வேலை செய்து தயார்படுத்தியது வெளியே வந்தது. அபராதம் 70 லட்சம் டாலர். அதே 1973 மாடல் சில ஃபோக்ஸ்வேகன் கார்களில், வெப்பநிலையைப் பார்த்துப் புகைக் கட்டுப்பாட்டை நிறுத்திவைக்கும் ஒரு ஸ்விட்ச். 1974-ல் 1,20,000 டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள். உங்கள் டிரான்ஸ் ஆமின் அண்ணனான 1973 சூப்பர் டியூட்டி மாடலிலும் ஒரு குட்டி தந்திரம் இருந்தது. ஈ.ஜி.ஆர். வால்வு கொஞ்ச நேரம் ஒழுங்காக வேலை செய்யும். பிறகு தானாக ஓய்வெடுத்துக்கொள்ளும். அதிகாரிகள் கண்டுபிடித்து மாற்றச் சொன்னதில் 310 குதிரைசக்தி 290 ஆனது. 1995-ல் காடிலாக். ஏ.சி. போட்டால் எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகமாகப் போகும்படி செய்திருந்தார்கள். அரசுப் பரிசோதனையில் ஏ.சி. ஓடாது. சுமார் 4,70,000 கார்கள். திரும்ப அழைத்துச் சரிசெய்வதையும் சேர்த்து நாலரைக் கோடி டாலர் செலவு.

உச்சகட்டம் 2015. மறுபடி ஃபோக்ஸ்வேகன்.

மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு ஆராய்ச்சிக் குழு. டான் கார்டர் தலைமை. உறுப்பினர்களில் ஒருவர் அரவிந்த் திருவேங்கடம். பெயரைப் படித்ததும் நமக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறதில்லையா? சந்தேகம் எல்லாம் அவர்களுக்குக் கிடையாது. டீசல் கார் ரோட்டில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கத்தான் கிளம்பினார்கள். அளவுக் கருவிகளைக் காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியா ரோடுகளில் ஓட்டினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சியாட்டில்வரைகூட ஒருமுறை போனார்கள். அதே கார்களை லேபரட்டரி உருளை மீது ஏற்றியபோது சமர்த்து. ரோட்டில் இறங்கினால், ஜெட்டா கார் அனுமதித்ததைப்போல 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்ஸைடு விட்டது!

தான் இப்போது பரிசோதனை உருளை மீது நிற்கிறோமா, ரோட்டில் ஓடுகிறோமா என்று காரே கண்டுபிடித்து, அதற்கேற்ப மாறிக்கொள்ளும்படி சாஃப்ட்வேர் எழுதியிருந்தார்கள். உலகமெங்கும் 1 கோடியே 10 லட்சம் கார்கள்.

அந்தக் கார்கள் சமர்த்தாக நடித்த லேபரட்டரி எது தெரியுமா? கலிஃபோர்னியா காற்று வாரியம் எல் மான்டியில் வைத்திருந்தது. அதன் பெயர் ஹாகன்-ஸ்மிட் லேபரட்டரி. நம் அன்னாசிப்பழப் பேராசிரியர் 1968-ல் அந்த வாரியத்தின் முதல் தலைவரானவர்.

*

பக்கத்து வீட்டுக்காரர் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. 1997-ல் ஒரு சட்டம் வந்தது. முப்பது வயது தாண்டிய கார்களுக்குப் பரீட்சை வேண்டாம். அந்த விதி நீடித்திருந்தால் உங்கள் கார் 2007-லேயே தப்பித்திருக்கும். ஆனால் 2004-ல் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். அதுவரை உள்ளே நுழைந்தவர்கள் நுழைந்தவர்கள்தான். 1975 மாடல்வரை விலக்கு. 1976 மாடல் தொடங்கி, எத்தனை வயதானாலும் பரீட்சை.

முப்பத்தைந்து வயது கடந்த, சேகரிப்பு வாகனமாக இன்ஷூர் செய்த கார்களுக்கு விலக்கு கொடுங்கள் என்று 2025-ல் ஒரு மசோதா. கார் பைத்தியமான டி.வி. பிரபலம் ஜே லெனோ நேரில் வந்து ஆதரித்தார். இந்தக் கார்கள் எத்தனை பேரிடம் இருக்கின்றன, வருடத்துக்கு எத்தனை மைல் ஓடுகின்றன என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு. ஒரு பழைய அசுரன் செய்யும் மாசுக்குத் தனித்தனியாகப் பார்த்தால் பெரிய கணக்கில்லை. மசோதா ஆகஸ்ட் மாதம் சட்டசபைக் குழுவிலேயே நின்றுபோனது.

இன்னொரு பக்கமும் யோசிக்கவேண்டியிருக்கிறது. ஆசைக்குப் பழைய கார் வைத்திருப்பவர் ஒருவர். வேறு வழியில்லாமல் பழைய கார் வைத்திருப்பவர் இன்னொருவர். வேலைக்குப் போக அந்த ஒரு வண்டிதான். டெஸ்டில் ஃபெயிலானால் மறுநாள் பிழைப்பு கேள்விக்குறி. முன்னவருக்கு விலக்கு கொடுத்துவிட்டு, பின்னவரை மட்டும் உருளை மீது ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?

அந்த ஊர்க்காற்று நிஜமாகவே மாறியிருக்கிறது. 1970-களில் உடம்புக்கு ஆகாது என்று எச்சரிக்கை விட்ட நாள்கள் வருடத்துக்கு நூறுக்கு மேல். நூற்றாண்டு முடியும்போது அப்படிப்பட்ட நாள்கள் அநேகமாக இல்லை. அத்தனைக்கும் ஜனத்தொகையும் கார்களும் ஏறிக்கொண்டேதான் இருந்தன. இன்னமும் அமெரிக்காவில் ஓஸோன் மிக மோசமான ஊர்களின் பட்டியலில் லாஸ் ஏஞ்சல்ஸ் இருக்கிறது. ஆனால் மலை தெரிகிறது.

சான்றிதழ் கைக்கு வந்தாயிற்று. அடுத்த பரீட்சைக்கு இரண்டு வருடம் இருக்கிறது. 730 நாளில் ஒரு நாள் பார்த்தார்கள். மீதி 729 நாள் யாரும் பார்க்கப் போவதில்லை. கழற்றி வைத்த பழைய கேம்ஷாஃப்ட், கார்புரேட்டர் எல்லாம் கராஜ் அலமாரியில் எண்ணெய்த் துணியில் சுற்றியபடி அப்படியே இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. தட்... தட்... தட் என்ற அந்தச் சத்தம் திரும்ப வந்துவிடும்.

ஃபோக்ஸ்வேகன் சாஃப்ட்வேர் எழுதியவர் முன்னாலும் இதே கேள்விதான் இருந்தது. என்ன பதில் சொன்னார் என்று தெரியும்.

நீங்கள் என்ன சொல்வீர்கள்?